இடப்பக்கப் பின்சக்கரம்

என் அண்ணன் ஒரு போல்ட்டைத் தப்பாக அடித்திருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். ஊர்க் கோயிலுக்குப் போய், மணியடித்து, சாமியைக் கூப்பிடக் கைதட்டி, கொஞ்சமும் கூசாமல் வேண்டினேன். படி இறங்குவதற்குள் பயம் வந்துவிடும். திரும்ப ஏறி, இல்லை, அண்ணன் கை சரியாகத்தான் இருக்க வேண்டும் என்பேன். இப்படி மாற்றி மாற்றிக் கேட்கிறவளுக்கு எந்தச் சாமி காது கொடுக்கும்?

விஷயம் இதுதான். லாரி ஓட்டியவர் என் கணவர் யசுஹிகோ. அந்த லாரியின் இடப்பக்கப் பின்சக்கரத்தில் ஒரு போல்ட்டை மாற்றிப் போட்டவன் என் அண்ணன் மொரியோ. அந்தச் சக்கரம் ஓடுகிற வண்டியிலிருந்து கழன்று போய், தன் வீட்டு வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த செகியா என்ற பெரியவர் மேல் விழுந்தது. அவர் அங்கேயே இறந்துபோனார். போல்ட் சரியாக உட்காரவில்லை என்றால் குற்றம் அண்ணனுடையது. சரியாக உட்கார்ந்திருந்தால், வழியில் நிறுத்தி நட்டை இறுக்கிப் பார்க்காத டிரைவருடையது. ஒரு பக்கம் என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவன். மறுபக்கம் நான் சோறு போட்டுக் கூட வாழ்கிறவர். யாரை விட்டுக்கொடுப்பது?

எங்கள் யோகோத்தே ஊர்க்காரர்களுக்கு முதல் பனி விழும்வரை பனிக்கால டயர் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வராது. விழுந்த மறுநாள் எல்லோருக்கும் ஒன்றாக ஞானம் பிறக்கும். அண்ணன் பட்டறை வாசலிலிருந்து ரோடு வரைக்கும் வண்டி நிற்கும். நானும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். துரு சுரண்டுவது, நட்டுக்கு எண்ணெய் விடுவது, திட்டுகிறவர்களைத் திரும்பத் திட்டுவது, எல்லாம் என் பொறுப்பு. அந்தக் கூட்டத்தில்தான் யசுஹிகோவும் தன் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். வேறு டிரைவர் சில வருஷம் ஓட்டிய அந்த வண்டியைக் கம்பெனி அந்த இலையுதிர் காலத்தில்தான் அவருக்குக் கொடுத்திருந்தது. அவர் அதுவரை ஓட்டிய பழைய லாரி ஓடி ஓடிக் கிழடாகி உடைப்புக்குப் போயிருந்தது.

இடப்பக்கப் பின்சக்கரத்தைக் கழற்றிய அண்ணன் ஒரு போல்ட்டைத் தடவிப் பார்த்து உச்சுக் கொட்டினான்.

"மரை தேஞ்சு போச்சு யசு. உன் மூளைய மாதிரியே."

"எனக்கு மூளை இருக்குன்னு ஒத்துக்கிட்டீங்களே அண்ணா, அதுவே போதும். கயோ, நீயும் கேட்டுக்க, நாளைக்கு மாத்திப் பேசுவார்."

"புதுசு போட நேரமாகும். போய் நூடுல்ஸ் சாப்பிட்டு வா. இங்க நின்னு என் தங்கச்சியக் கெடுக்காத."

அவர் போகவில்லை. அடுப்பு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பிரேக் டிரம்மை இழுத்து, பழைய போல்ட்டைப் பின்னால் தட்டி வெளியேற்றி, ஓட்டையைத் துடைத்து, புதியதைச் செருகி உள்ளே இழுத்தான். போல்ட்டின் தலை பின்பக்கம் இடைவெளி இல்லாமல் ஒட்டி உட்கார வேண்டும். மயிரிழை இடைவெளி விட்டாலும் ஓட்டத்தில் போல்ட் உள்ளே அடங்கும், அடங்கினால் நட் தளரும், தளர்ந்தால் மற்றவற்றையும் கெடுக்கும். அதனால் விளக்கைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தான். நான்தான் விளக்கு பிடித்தேன். ஆனால் வாசலில் ஒரு காய்கறிக்காரர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார், நான் திரும்பி அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். நான் பார்க்கவில்லை. அவன் பார்த்தான் என்றுதான் எனக்குத் தெரியும்.

"புது போல்ட்டு. ஓடினாத்தான் படியும்," என்றான் கிளம்பும்போது. "மலை ஏறுறதுக்கு முன்னாடி நிறுத்தி ஒரு இறுக்கு இறுக்கிப் பாத்துடு. மறந்துடாத."

"பாக்காம ஏறுவேனா? அரிசி மூட்டைய விட எனக்கு என் உயிர் பெருசு அண்ணா."

சூடான காபி டின் இரண்டை ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டு போனார். நான் கையசைத்தேனா இல்லையா என்று நினைவில்லை. வாசலில் அத்தனை வண்டி.

அதற்குப் பிறகு நடந்ததை ஊரே பேசியது. பேப்பரிலும் வந்தது. பேப்பர்காரன் நல்லவன், "நட்டை மறுபடி இறுக்கியதாக டிரைவர் கூறுகிறார்" என்று எழுதினான். ஊர் அப்படி எழுதவில்லை. நிறுத்தியிருக்கவே மாட்டான், பனி கொட்டுகிறது, யார் இறங்குவார்கள், இப்போது தப்பிக்கப் பொய் சொல்கிறான் என்றது. கம்பெனி மேலாளர் ஹிராசவா எங்கள் வீட்டுக்கே வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று பேசினார்.

"பாருங்க யசுஹிகோ, மறந்துட்டேன்னு சொன்னா மனுஷத்தனம். செஞ்சேன்னு சொல்லிட்டே இருந்தா அது வேற மாதிரி ஆகிடும்."

"நான் செஞ்சேன் சார்."

"யாராச்சும் பாத்தாங்களா?"

"பனி கொட்டிட்டிருந்துச்சு. யாரு பாப்பாங்க?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

அந்த ஆள் போன பிறகு தீட்டுக் கழிய வாசலில் உப்பை அள்ளி வீசினேன். யசுஹிகோ அதைப் பார்த்துவிட்டு, "அவர் மேல தப்பில்ல, வண்டி அனுப்பறவருக்கு வேற எப்படித் தோணும்" என்றார். அவருக்குக் கோபமே வராது. அது எனக்கு எப்போதும் ஒரு குறைதான்.

தினமும் அவர் செகியா வீட்டுக்குப் போனார். லைசென்ஸ் பிடுங்கப்பட்டிருந்ததால் நான்தான் கொண்டுபோய் விடுவேன். கேட்டுக்கு வெளியே, பனியில், இடுப்பு வரை குனிந்து நிற்பார். செகியாவின் மனைவி வெளியே வரமாட்டார். ஜன்னல் திரை மட்டும் கொஞ்சம் அசையும். நான் காரில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"எப்படிங்க உங்களால அங்க போய் நிக்க முடியுது? எனக்கா இருந்தா செத்துடலாம்னு இருக்கும்."

"எனக்கும்தான் இருக்கு," என்றார். "ஆனா நான் பாத்தேன் கயோ. இறங்கினேன், சுத்தியால தட்டினேன், ஸ்பேனர்ல பைப் போட்டு மிதிச்சு இறுக்கினேன். என்னால முடிஞ்சதச் செஞ்சேன். அது ஒண்ணு இருக்கறதால நிக்க முடியுது. அதுவும் இல்லேன்னா எந்த முகத்தோட அந்த வாசல்ல போய் நிப்பேன்?"

நான் அவரை நம்பினேன். அவருக்குப் பொய் சொல்ல வராது. என் பிறந்தநாளுக்கு வாங்கிய பரிசைக்கூட மறைக்கத் தெரியாமல் காலையிலேயே உளறிவிடுகிற ஆள். அவரை நம்பினால் அண்ணனைச் சந்தேகப்பட வேண்டும். சந்தேகப்பட்டேன். பட்டறைக்குப் போய், மூஞ்சிக்கு நேரே கேட்டேன். அண்ணன் வேலை அதிகமான அந்த நாட்களில் கதவை இழுத்து மூடிவிட்டு, உள்ளே குளிரில் வெறுமனே உட்கார்ந்திருந்தான்.

"அன்னிக்கு அவசரத்துல விட்டுட்டியா அண்ணா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சு யோசிச்சு மண்டையில மரை கழண்டுடுச்சு. தல முழுசா உக்காந்துச்சு. நான் பாத்தேன். நீதானே விளக்கு பிடிச்ச?"

"நான் பாக்கல."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன்.

"அப்போ அவர் பொய் சொல்றாரா?" என்றேன்.

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொல்ற? உன் கையும் தப்பு பண்ணல, அவரும் பொய் சொல்லல, அப்புறம் சக்கரம் என்ன, காலாற நடந்துட்டு வரலாம்னு கிளம்புச்சா?"

நான் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

போலீஸ் ஒரு நாள் குறித்துச் சொல்லியனுப்பியது. ஆகிதா நகரிலிருந்து நுமதா என்ற நிபுணர் வந்து சக்கரம் இருந்த இடத்தைப் பிரித்துப் பார்ப்பாராம். அண்ணன், யசுஹிகோ, ஹிராசவா, பட்டறை ஆள் என்ற முறையில் நான், எல்லோரும் வர வேண்டும். தகரக் கொட்டகைக்குள் லாரி ஒரு பக்கம் சாய்ந்து கட்டை மேல் நின்றிருந்தது.

நுமதா சின்ன உருவம், ஜலதோஷம், கையில் ஒரு கைக்குட்டை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேலை செய்தார். டிரம்மைக் கழற்றினார். அண்ணன் போட்ட போல்ட்டைச் சுற்றி விளக்கடித்தார். அதன் தலைக்கும் அது உட்காரும் பரப்புக்கும் நடுவில் தாளைவிட மெல்லிய ஒரு தகட்டை நுழைக்கப் பார்த்தார். மேலே, கீழே, பக்கத்தில். நுழையவில்லை. நுழை, நுழை என்றுதான் அந்த நேரத்தில் என் மனசு சொன்னது. என் சொந்த அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"நல்லா உக்காந்திருக்கு," என்றார் நுமதா. "போல்ட்ல குறை இல்ல. போட்ட விதத்துலயும் குறை இல்ல."

அண்ணன் சுவரில் கைவைத்துச் சாய்ந்துகொண்டான். சந்தோஷப்படவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சில போல்ட் உடைஞ்சிருக்கு, சிலது முழுசா இருக்கு," என்று நுமதா தொடர்ந்தார். "முழுசா இருக்கறதுல நட்டு தானா சுத்தி வெளிய போயிருக்கு. எல்லா நட்டும் கிட்டத்தட்ட ஒண்ணாத் தளர்ந்திருக்கு. உடைஞ்சதெல்லாம் அதுக்கப்புறம் பாரம் தாங்காம உடைஞ்சது."

ஹிராசவா பெருமூச்சு விட்டார். "அப்போ தெளிவாப் போச்சு. யசுஹிகோ, இப்பவாச்சும் சொல்லிடுங்க. நிறுத்தல, அவ்வளவுதானே?"

"நிறுத்தினேன் சார்." அவர் குரல் கிழிந்திருந்தது. "எத்தன தடவ சொல்றது? இறங்கி, எல்லாச் சக்கரத்தையும் சுத்தியால தட்டினேன். மத்ததெல்லாம் நல்ல சத்தம். இதுல மட்டும் புது போல்ட் இருக்கேன்னு பைப் போட்டு எல்லா நட்டையும் மிதிச்சு இறுக்கினேன். அண்ணா சொல்லி அனுப்பினார், நான் செஞ்சேன்."

நுமதா மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏளனம் இல்லை. அத்தனை நாளில் அவரை அப்படிப் பார்த்த முதல் வெளியாள் அவர்தான்.

"செஞ்சு காட்டுங்களேன்," என்றார். "முன் சக்கரத்துல. அதே பக்கம். அன்னிக்கு எப்படிப் பண்ணினீங்களோ அப்படியே."

யசுஹிகோவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. யாரோ நம்புகிறார்கள். சுறுசுறுப்பாகப் போய் ஸ்பேனரை எடுத்தார், பைப்பைச் செருகினார், இடப்பக்க முன்சக்கரத்துக்கு எதிரே நின்று நட்டில் மாட்டினார். பைப் இடது பக்கமாக நீண்டது. காலைத் தூக்கி அதன் மேல் வைத்தார்.

அண்ணன் சுவரிலிருந்து நிமிர்ந்தான்.

அவர் அதுவரை ஓட்டிய பழைய லாரிகளில் வலப்பக்கச் சக்கரத்து நட் வலமாகச் சுற்றினால் இறுகும், இடப்பக்கத்து நட் இடமாகச் சுற்றினால் இறுகும். அந்தக் காலத்து வண்டிகள் எல்லாம் அப்படித்தான். இந்தப் புது வகை லாரியில் எந்தப் பக்கமானாலும் வலமாகச் சுற்றினால்தான் இறுகும். வண்டி வந்த அன்றே அண்ணன் சொல்லியிருந்தான். "நான் என்ன நேத்து லைசென்ஸ் வாங்கினவனா?" என்று யசுஹிகோ சிரித்தார். அவருக்குத் தெரியும். யார் கேட்டாலும் சரியாகச் சொல்வார். ஆனால் கொட்டுகிற பனியில், விரல் மரத்துப்போய், இடப்பக்கச் சக்கரத்துக்கு முன் நின்றபோது அவருடைய தலையை யாரும் கேட்கவில்லை. கால் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. பல வருஷமாக அதே பக்கம் வைத்து, அதே பக்கம் மிதித்த கால்.

"போதும் யசு," என்றான் அண்ணன். அது அவர் காதில் விழவில்லை.

அவர் மிதித்தார். நட் கிர்ரென்று ஒரு சத்தம் போட்டு நகர்ந்தது.

"கேட்டீங்களா?" என்று எங்களைத் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்திருந்தது. "இதே சத்தம்தான். இழுத்துப் பிடிக்குது பாருங்க. ஒவ்வொரு நட்டையும் இப்படித்தான் ஒரு மிதி மிதிச்சேன்."

நுமதா மெதுவாகக் கேட்டார்: "இன்னும் கொஞ்சம் அதே பக்கம் சுத்துங்க."

யசுஹிகோ சுற்றினார். ஒரு சுற்று பைப்பில் வந்தது. அடுத்ததற்கு அது தேவைப்படவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு விரலாலேயே திருகினார். திருகத் திருக நட் வெளியே வந்தது, கடைசியில் அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"அண்ணா, இது கழண்டு வருதே," என்றார்.

அண்ணன் ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். எங்கள் குடும்பத்தில் ஆண்கள் கட்டிப்பிடித்து நான் பார்த்ததில்லை. "நான் போகும்போது ஒரு வார்த்த சொல்லியிருக்கணும் யசு, எந்தப் பக்கம்னு சொல்லியிருக்கணும்," என்று அழுதான். யசுஹிகோ அழவில்லை. நட்டைத் திரும்ப மாட்டப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாதவர்போல விரல் அங்குமிங்கும் போய் வந்தது. நுமதா அதை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும், "செகியா வீட்டுக்குப் போ," என்றார் யசுஹிகோ.

"இன்னிக்கு வேண்டாங்க. வீட்டுக்குப் போகலாம்."

"போ கயோ."

"அவங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது? செத்தவர் வரப்போறாரா? போலீஸ்காரங்க சொல்லும்போது சொல்லிக்கட்டும்." எனக்குக் கண் மண் தெரியாத கோபம், அவர் மேலேயே. "நீங்க எதுக்கு இறங்கினீங்க? ஊர்ல எத்தன பேர் பாக்காமலே ஓட்டறான்? அவனெல்லாம் வீட்ல போய்க் கால் நீட்டித் தூங்கறான்!"

அவர் நடக்க ஆரம்பித்தார். பின்னாலேயே காரை ஓட்டிப்போய் ஏற்றிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

அந்த அம்மாள் வெளியே இருந்தார். புருஷன் விட்டுப்போன இடத்தில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் உள்ளே போகத் திரும்பினார். அதற்குள் யசுஹிகோ கேட்டுக்கு வெளியே மண்டியிட்டுவிட்டார். நானும் இறங்கி அவர் பின்னால் நின்றேன்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். போல்ட் சரியாக இருந்ததை, தான் நிறுத்தியதை, தட்டியதை, பைப்பை எந்தப் பக்கம் வைத்து மிதித்தார் என்பதை. பட்டறைக்காரர் மேல் தப்பில்லை, கம்பெனி மேல் தப்பில்லை, என் காலால் நானே கழற்றினேன் என்றார். அந்த அம்மாளுக்குப் போல்ட்டும் நட்டும் என்ன தெரியும்? ஆனாலும் நின்று கேட்டார். அவர் மூச்சு வெள்ளையாக வந்து போய்க்கொண்டிருந்தது.

"அப்போ நீங்க நிறுத்தினது நெஜம்தானா?" என்றார் கடைசியில்.

"நெஜம்தாங்க."

"நிறுத்தலன்னு நெனச்சேன். பொய் சொல்றதுக்குன்னே தினமும் வந்து நிக்கறீங்கன்னு நெனச்சேன். அதான் வெளிய வரல."

அவர் குரலில் கடுமை இல்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், இந்த அம்மாள் இவரை மன்னித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஏதோ கணக்குப் போடுகிறவர்போல ரோட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற முகத்தோடு கேட்டார்.

"இறங்காம, பாக்காம, நீங்க பாட்டுக்குப் போயிருந்தீங்கன்னா என் வீட்டுக்காரர் இருந்திருப்பார், இல்லையா?"

அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா என்று சொல்ல நான் வாயெடுத்தேன். யசுஹிகோ கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"இருந்திருப்பாருங்க," என்றார்.